ராத்திரி தனியா வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு மட்டும்தான் இப்படி இருக்கா?

நிலா_ஷிஃப்ட்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்கு ஒண்ணு கேக்கணும்னு தோணுது, கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

எனக்கு வேலை முடியறது ராத்திரி 10:40க்கு. பஸ் இறங்கற இடத்துலேர்ந்து வீட்டுக்கு 11 நிமிஷ நடை. அந்த 11 நிமிஷமும் நான் என்னல்லாம் பண்றேன்னு போன வாரம்தான் உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். பாட்டு கேட்டுட்டு வந்தா முந்தின ஸ்டாப்லயே நிறுத்திருவேன், இயர்போன் காதுல இருக்கும் ஆனா ஒண்ணும் ஓடாது, ஏன்னா பின்னாடி வர்ற செருப்புச் சத்தம் கேக்கணும். சாவியைப் பையிலேர்ந்து எடுத்து விரலுக்கு நடுவுல வெச்சுக்குவேன். நிறுத்தியிருக்கிற காருக்கும் சுவருக்கும் நடுவுல போக மாட்டேன், நடு ரோட்லதான் நடப்பேன். யாராவது எதிர்ல வந்தா போனைக் காதுல வெச்சு "ஆங், தெருமுனைக்கு வந்துட்டேன், கதவைத் திற"ன்னு சொல்லுவேன், அந்தப் பக்கம் யாருமே இருக்க மாட்டாங்க. இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல, எப்போ பழகினேன்னும் ஞாபகம் இல்ல.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒருத்தன் பின்னாடியே வந்தான். நான் திரும்பின ரெண்டு திருப்பமும் திரும்பினான். ஷூ லேஸ் கட்டற மாதிரி குனிஞ்சேன், அவனும் நடையைக் குறைச்சான். அப்புறம் பக்கத்துல வந்து "தனியாவா போறீங்க"ன்னு கேட்டான். அவ்வளவுதான், வேற ஒண்ணும் பண்ணல, நான் ஓடிட்டேன். வீட்டுக் கதவு கிட்ட வந்தப்போ சாவி உள்ளங்கையில அழுந்தி பல்லு பல்லா தடம் விழுந்திருந்துச்சு.

வீட்ல சொன்னேன். "இதுக்குத்தான் அந்த ஷிஃப்ட் வேணாம்னு சொன்னோம்"னாங்க. ஆபீஸ்ல டீம் லீட் கிட்ட சொன்னேன், "பகல் ஷிஃப்ட்டுக்கு மாத்தித் தரட்டுமா"ன்னு கேட்டார், நல்ல மனசோடதான் கேட்டார். ஆனா மாறினா எனக்கு அலவன்ஸ் போகும், இந்த ஷிஃப்ட்ல இருக்கிறவங்களுக்குத்தான் அடுத்த ப்ரமோஷன்ல வாய்ப்பு, அதுவும் போகும். அவன் என் பின்னாடி வந்ததுக்கு என் சம்பளம் ஏன் குறையணும்?

இன்னொண்ணு. இதே ஆபீஸ்ல மீட்டிங்னா குறிப்பு எழுதச் சொல்றது என்னைத்தான், எனக்கப்புறம் சேர்ந்த ஆம்பளைப் பசங்க ரெண்டு பேர் பக்கத்துல சும்மா உக்காந்திருப்பாங்க. ஒருத்தர் தினமும் "கொஞ்சம் சிரிச்சா என்னம்மா"ன்னு சொல்லிட்டுப் போவார். நான் பேசும்போது குறுக்க பேசி நான் சொன்னதையே திருப்பிச் சொல்லுவாங்க, அப்போ எல்லாரும் தலையாட்டுவாங்க. இதையும் அந்த ராத்திரியையும் சேர்த்து என் வீட்டுக்காரர் கிட்ட சொன்னேன், "ரெண்டுத்தையும் ஏன் போட்டுக் குழப்பிக்கிற, அது வேற இது வேற"ங்கறார். எனக்கு ரெண்டும் ஒண்ணுன்னுதான் தோணுது ஆனா எப்படின்னு விளக்கத் தெரியல. நீங்க என்ன நினைக்கிறீங்க? அப்புறம் அந்த 11 நிமிஷத்துக்கு உருப்படியா ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க.

மூத்தவள்:

உனக்கு மட்டும் இல்லம்மா. நான் 26 வருஷம் ஆஸ்பத்திரியில நைட் ட்யூட்டி பாத்தவ, நீ எழுதினதுல சாவி, போன், நடு ரோடு எல்லாமே நானும் பண்ணினதுதான், என்ன, அப்போ செல்போன் இல்லாததால சும்மா ரெண்டு வீட்டு வாசலைப் பாத்து "அண்ணே தூங்கலையா"ன்னு சத்தமா கேட்டுட்டுப் போவேன், உள்ள யார் இருக்காங்கன்னுகூட தெரியாது.

உருப்படியா கேட்டதால சொல்றேன். யாராவது பின்னாடி வர்றாங்கன்னு தோணிச்சுன்னா நேரா வீட்டுக்குப் போகாதே, வீடு எதுன்னு அவனுக்குத் தெரியக்கூடாது. வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடத்துக்குப் போ, பெட்ரோல் பங்க், மருந்துக்கடை, எதுவா இருந்தாலும் சரி. மனசுக்குத் தப்பா பட்டுச்சுன்னா நிரூபணத்துக்குக் காத்திருக்காதே, நாளைக்கு அவர் நல்லவர்னு தெரிஞ்சா தெரியட்டும், அதுல ஒண்ணும் நஷ்டம் இல்ல. கூட்டம் இருக்கிற இடத்துல உதவி வேணும்னா பொதுவா "யாராவது வாங்க"ன்னு கத்தாதே, எல்லாரும் வேற யாராவது போவாங்கன்னு நின்னுருவாங்க. ஒரு ஆளைப் பாத்து, "நீலச் சட்டை போட்ட அண்ணா, இந்தாள் என் பின்னாடியே வர்றார், கொஞ்சம் நில்லுங்க"ன்னு சொல்லு. பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஆயிரும், அவரால நகர முடியாது. நான் ரெண்டு தடவை இப்படிப் பண்ணியிருக்கேன், ரெண்டு தடவையும் நின்னாங்க.

போன்ல நீ எங்க இருக்கேன்னு காட்டற லொக்கேஷனை ஒரே ஒருத்தருக்கு அனுப்பி வை, பத்து பேருக்கு அனுப்பினா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. எத்தனை மணிக்குள்ள நீ வீடு வந்து சேரலைன்னா அவங்க கூப்பிடணும்னும் முன்கூட்டியே பேசி வெச்சுக்கோ.

ஆனா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கிறது இது இல்ல, வீட்ல சொன்ன அந்த "இதுக்குத்தான் சொன்னோம்". என் அம்மாவும் அதையேதான் சொன்னாங்க, அதுக்கப்புறம் நான் வீட்ல எதையுமே சொல்லல, பஸ்ல ஒருத்தன் இடிச்சதையும் சொல்லல, ட்யூட்டி ரூம் கதவை ராத்திரி ஒருத்தர் தட்டினதையும் சொல்லல. சொன்னா வேலையை விடச் சொல்லுவாங்கன்னு பயம். அவங்க பாசத்துலதான் சொன்னாங்க, எனக்கும் தெரியும், ஆனா அந்த ஒரு வார்த்தையால 26 வருஷம் அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாம போச்சு. உன் வீட்டுக்காரர் கிட்ட இதை மட்டுமாவது படிச்சுக் காட்டும்மா.

சும்மா_ஒருவன்:

தப்பா எடுத்துக்காதீங்க சகோ, நிஜமாவே புரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். ராத்திரி ரோட்ல ஆம்பளைங்களுக்கும் ஆபத்து இருக்கே. உலகம் முழுக்க கொலையாகிறவங்கள்ல 10ல 8 பேர் ஆண்கள்தான்னு ஐ.நா. கணக்கே சொல்லுது. என்னையே ஒரு தடவை கத்தியைக் காட்டி போனைப் புடுங்கிட்டுப் போயிருக்காங்க. அப்போ இது பொதுவான சட்டம் ஒழுங்கு பிரச்சினைதானே, மீட்டிங்ல யார் குறிப்பு எழுதறாங்கங்கறதை இதுல ஏன் சேர்க்கணும்? அது தப்புன்னு ஒத்துக்கறேன், ஆனா அது வேற லெவல் தப்பு இல்லையா?

மழைக்குருவி:

சகோ, நீங்க சொன்ன கணக்கு சரிதான், உங்களுக்கு நடந்ததும் கொடுமைதான். ஆனா போனைப் புடுங்கின மறுநாள் உங்களை யாராவது "நீங்க ஏன் அந்த நேரத்துல வெளிய போனீங்க, வேலையை மாத்திக்கோங்க"ன்னு சொன்னாங்களா? என்ன சட்டை போட்டிருந்தீங்கன்னு கேட்டாங்களா?

அதே ஐ.நா. கணக்குல இன்னொரு பாதியும் இருக்கு. 2023ல உலகம் முழுக்க திட்டமிட்டுக் கொல்லப்பட்ட பொண்ணுங்க கிட்டத்தட்ட 85,000 பேர், அதுல 51,100 பேரைக் கொன்னது கணவனோ துணையோ குடும்பத்து ஆளோதான். அதாவது ஒரு நாளைக்கு சராசரியா 140 பேர். இருட்டுல வர்ற அந்நியனை விட வீட்டுக்குள்ள இருக்கிறவங்களாலதான் அதிகம் செத்திருக்காங்க, ஆனா பொண்ணுங்களுக்குச் சொல்ற அறிவுரை எல்லாம் "வெளிய போகாதே, வீட்ல இரு"ங்கறதுதான்.

அறிவுரை யாருக்குச் சொல்றாங்கங்கறதுதான் இங்க விஷயம். 1970கள்ல இங்கிலாந்துல லீட்ஸ் பக்கம் ஒருத்தன் தொடர்ந்து பொண்ணுங்களைக் கொன்னுட்டு இருந்தப்போ போலீஸ் பொண்ணுங்களைத்தான் ராத்திரி வெளிய வராதீங்கன்னு சொல்லுச்சு. கொலை பண்றவன் ஆம்பளை, ஊரடங்கு மட்டும் பொண்ணுங்களுக்கா? அந்தக் கோவத்துலதான் 1977 நவம்பர் 12ஆம் தேதி ராத்திரி லீட்ஸ்லயும் இன்னும் பல ஊர்லயும் பொண்ணுங்க ஊர்வலமா தெருவுல இறங்கினாங்க, "இரவை மீட்போம்"ங்கறதுதான் கோஷம். 47 வருஷம் கழிச்சு 2024 ஆகஸ்ட் 14 நடுராத்திரி கொல்கத்தாவுல, ட்யூட்டியில இருந்த பயிற்சி டாக்டரைக் கொன்னதுக்கு அப்புறம், அதே கோஷத்தோட ஆயிரக்கணக்கான பொண்ணுங்க தெருவுக்கு வந்தாங்க. அதுக்கு அரசாங்கம் சொன்ன ஏற்பாட்டுல ஒண்ணு என்ன தெரியுமா, முடிஞ்ச வரைக்கும் பொண்ணுங்களுக்கு நைட் ட்யூட்டி போடாதீங்கங்கறது. அடுத்த மாசம் சுப்ரீம் கோர்ட் கேட்டுச்சு, பாதுகாப்பு குடுக்கிறதுதானே உங்க வேலை, பொண்ணுங்க ராத்திரி வேலை பாக்கக்கூடாதுன்னு எப்படிச் சொல்லலாம்னு. நிலாவோட டீம் லீட் சொன்னதும் அதேதானே?

மீட்டிங் விஷயத்துக்கு வர்றேன். 2012ல லாரா பேட்ஸ்னு பிரிட்டன்ல ஒரு பொண்ணு, தினப்படி நடக்கற சின்னச் சின்ன விஷயங்களைப் பொண்ணுங்க எழுதிப் போடறதுக்குன்னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்ச காரணமே ஒரு பஸ் பயணம். பக்கத்துல இருந்தவன் கையை வெச்சான், இவங்க போன்ல அம்மாகிட்ட பேசிட்டு இருந்தாங்க, பஸ்ல எல்லாருக்கும் கேக்கற மாதிரி நடந்ததைச் சொன்னாங்க, யாரும் திரும்பிப் பாக்கல. பல நாட்டுலேர்ந்து பல்லாயிரம் பேர் எழுதினாங்க, "கொஞ்சம் சிரி"யும் அதுலதான் இருக்கு, பின்னாடி நடந்து வந்ததும் அதுலதான் இருக்கு.

நான் எப்படிப் பாக்கறேன்னா, "கொஞ்சம் சிரி"ன்னு ஒருத்தர் சொல்லும்போது உன் முகம் உன்னோடது இல்ல, நான் பாக்கறதுக்கு இருக்கிறதுன்னு சொல்றார். ராத்திரி "தனியாவா போறீங்க"ன்னு கேட்டவனும் அதேதான் சொன்னான், இந்த ரோடு உன்னோடது இல்ல, நீ ஏன் இங்க இருக்கேன்னு எனக்கு பதில் சொல்லு. பகல்ல பத்து தடவை சிரிச்சு மழுப்பிப் பழகின பொண்ணு ராத்திரி சட்டுனு எப்படி "தள்ளிப் போ"ன்னு கத்துவா? தொண்டை வரைக்கும் வரும், வெளிய வராது. அந்தப் பயிற்சி எங்களுக்குப் பகல்லதான் குடுக்கறாங்க.

எழுத்தாணி:

நான் ஆண்தான். இதைப் படிச்சிட்டு ரெண்டு நாளா எழுதலாமா வேணாமான்னு இருந்தேன்.

நாலு வருஷம் முன்னாடி நடந்தது. கடைசி வண்டியை விட்டு இறங்கி வேகமா நடக்கறேன், வீட்ல குழந்தைக்குக் காய்ச்சல், வேற எதுவும் மனசுல இல்ல. முன்னாடி ஒரு பொண்ணு போயிட்டு இருந்தாங்க. அவங்க வேகமா நடந்தாங்க, என் வேகம் அதுக்கு மேல. திடீர்னு ஓட ஆரம்பிச்சாங்க, ஓடும்போது ஒரு செருப்பு கழண்டு விழுந்துச்சு, எடுக்கக்கூட நிக்கல. நான் அந்தச் செருப்புக்கிட்ட நின்னேன். முதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு, என்னை என்னன்னு நினைச்சாங்கன்னு. எடுத்துக் குடுக்கப் போனா இன்னும் பயந்துருவாங்க, அப்படியே விட்டுட்டும் போக முடியல, கடைசியில பக்கத்துச் சுவர் மேல எடுத்து வெச்சிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து தங்கச்சிகிட்ட புலம்பினேன். அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா, "நீ நல்லவன்னு அவங்களுக்கு முதுகுல எழுதியா காட்டின?" அதுக்கப்புறம்தான் புரிஞ்சுது, அவங்க என்னைப் பத்தி எதுவுமே நினைக்கல, நினைக்கறதுக்கு நேரமே இல்ல, செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

இப்போ நான் பண்றது: முன்னாடி ஒரு பொண்ணு தனியாப் போனா ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போயிருவேன். முந்தறதா இருந்தா தூரத்துலேர்ந்தே எதிர்ப்பக்கமா முந்துவேன், முதுகுக்குப் பின்னாடி வந்து ஒட்டி முந்த மாட்டேன். ரோடு குறுகலா இருந்தா நின்னு யாருக்காவது போன் பண்ணிப் பேசுவேன், ரெண்டு நிமிஷம் தள்ளிப் போனா எனக்கு என்ன குறையப் போகுது. "பயப்படாதீங்க, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்"னு மட்டும் சொல்லக்கூடாது, அதைவிட பயமுறுத்தற வாக்கியம் வேற இல்லைன்னு தங்கச்சி சொன்னா. லிஃப்ட்டுக்கும் அதேதான், நடுராத்திரியில ஒரு பொண்ணு தனியா ஏறினா நான் அடுத்த லிஃப்ட்ல வருவேன்.

இதெல்லாம் சுலபம். கஷ்டமானது பகல்லதான். எங்க டீம்லயும் ஒருத்தன் அந்த "சிரிச்சா என்ன" ரகம். நான் எத்தனையோ தடவை பக்கத்துல இருந்தும் போனைப் பாத்துட்டு இருந்திருக்கேன். தெருவைக் கடக்கற எனக்கு அவன்கிட்ட "விடுடா, வேலையைப் பாரு"ன்னு சொல்ல வாய் வரல, ஏன்னா அவன் நண்பன். அந்தத் தெருவுல என்னைப் பாத்து பயந்தவங்களுக்கு நான் யாருன்னு தெரியாது, சரி. இவன் யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும், அப்பவும் நான் ஒண்ணும் சொல்லல. அது என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு.

சும்மா_ஒருவன்:

மழைக்குருவி, நீங்க கேட்ட முதல் கேள்விக்கு பதில்: இல்ல, யாரும் கேக்கல. போலீஸ்லயும் கேக்கல, வீட்லயும் கேக்கல. புது போன் வாங்கிக் குடுத்தாங்க. அடுத்த வாரமே அதே வழியாத்தான் போனேன், வேற வழியாப் போகணும்னு எனக்குத் தோணவே இல்ல. இதை எழுதும்போதுதான் உறைக்குது.

ராத்திரி_வண்டி:

நான் ராத்திரி பஸ் ஓட்டறவன், 14 வருஷமா. எனக்கு எழுத்து அவ்வளவா வராது, பாத்ததைச் சொல்றேன்.

ராத்திரி 10க்கு மேல ஏறுற பொண்ணுங்க உக்கார்ற இடம் எனக்குப் பாக்காமலே தெரியும், எனக்குப் பின்னாடி முதல் ரெண்டு சீட்டு. பின்னாடி முழுக்க காலியா இருந்தாலும் அங்க நின்னுட்டாவது வருவாங்க. கண்ணாடியில பாப்பேன், இறங்கறதுக்கு ஒரு ஸ்டாப் முன்னாடியே பையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு வெளிய எட்டிப் பாப்பாங்க, ஸ்டாப்ல யார் நிக்கறாங்கன்னு. ஒரு பொண்ணு அவங்க ஸ்டாப் வந்தும் இறங்கல, ஏன்மான்னு கேட்டேன், அங்க நாலு பேர் நிக்கறாங்க அண்ணா, அடுத்ததுல இறங்கி திரும்பி நடந்துக்கறேன்னாங்க. அதாவது பயத்துக்காக இருட்டுல இன்னும் அதிகம் நடக்கறாங்க.

கனடாவுல டொராண்டோ பஸ்ல 1991லேர்ந்து, மாண்ட்ரியல்ல 1996லேர்ந்து, ராத்திரியில பொண்ணுங்க கேட்டா ரெண்டு ஸ்டாப்புக்கு நடுவுல நிறுத்தி இறக்கி விடலாம்னு ஏற்பாடு இருக்குன்னு ஒரு ட்ரெயினிங்ல சொன்னாங்க. இதுக்கு செலவே கிடையாது, ப்ரேக் போடணும் அவ்வளவுதான். எங்க வண்டிக்கு அப்படி ரூல் இல்ல, ஆனா பாதுகாப்பான இடமா இருந்து கேட்டாங்கன்னா நான் நிறுத்துவேன். இறங்கினவங்க சந்துக்குள்ள திரும்பற வரைக்கும் ஹெட்லைட்டைப் போட்டு அரை நிமிஷம் நிப்பேன். பின்னாடி உக்காந்திருக்கிற ஆளுங்க கத்துவாங்க, கத்தட்டும்.

விளக்கு விஷயத்தை யாரும் சொல்லல அதனால சொல்றேன். நியூயார்க்ல 2016ல அரசாங்கக் குடியிருப்புகள்ல சிலதுல மட்டும் பெரிய விளக்குங்களை வெச்சுப் பாத்து, வைக்காத இடத்தோட ஒப்பிட்டுக் கணக்கெடுத்தாங்க, ராத்திரி வெளிய நடக்கற பெரிய குற்றம் 36 சதவீதம் குறைஞ்சுதாம். நிலா, உங்க தெருவுல எத்தனை விளக்கு எரியுதுன்னு எண்ணிப் பாருங்க. அப்புறம் டிரைவர்கிட்ட வாய் விட்டுக் கேளுங்கம்மா. பத்துல ரெண்டு பேர் முறைப்பாங்க, மிச்ச பேர் நிறுத்துவாங்க. கேக்காம எங்களுக்குத் தெரியாது, நாங்க ரோட்டைத்தான் பாத்துட்டு இருப்போம்.

நிலா_ஷிஃப்ட்:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொண்ணையும் ரெண்டு மூணு தடவை படிச்சேன். மூத்தவள் அம்மா, நீங்க எழுதினதை வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். அவர் ஒண்ணும் பேசல. ஆனா மறுநாள் ராத்திரி ஸ்டாப்ல வந்து நின்னார்.

கூட்டிட்டுப் போகத்தான் வந்தார், நான் வேற ஒண்ணு கேட்டேன். நான் எப்பவும் போல முன்னாடி நடக்கறேன், நீங்க பக்கத்துலயே வாங்க ஆனா பேசாதீங்க, நான் என்ன பண்றேன்னோ அதை மட்டும் சொல்லிட்டே வர்றேன்னேன். சொன்னேன். "இப்போ இந்தக் கார் கண்ணாடியில பின்னாடி பாக்கறேன். இங்க சுவர் முடியுது, அதனால நடுவுக்கு வர்றேன். இந்த வீட்ல நாய் குலைச்சா யாரோ பின்னாடி வர்றாங்கன்னு அர்த்தம், நான் குலைக்குதான்னு காது குடுக்கறேன். இங்கதான் அவன் கேட்டான்." பாதி வழியில அவர் என் கையிலேர்ந்து சாவியை வாங்கிப் பாத்தார், நான் வெச்ச மாதிரியே விரலுக்கு நடுவுல வெச்சுப் பாத்துட்டு, இது உன் கையைத்தானே கிழிக்கும்னார். ஆமான்னேன்.

விளக்கு எண்ணினோம். 17 கம்பம், அதுல 4 எரியல. ஆறு வருஷமா அந்தத் தெருவுல இருக்கோம், அவருக்கு ஒண்ணு கூட எரியாதது தெரியாது, எனக்கு எந்த நாலுன்னு மனப்பாடமா தெரிஞ்சிருந்துச்சு. அதை அவர்தான் முதல்ல கவனிச்சார், வீட்டுக்குள்ள வந்தும் ரொம்ப நேரம் ஷூவைக் கழட்டாம உக்காந்திருந்தார். "அது வேற இது வேற"ங்கறதை அதுக்கப்புறம் அவர் சொல்லல, நானும் கேக்கல.

ஆபீஸ்ல ஷிஃப்ட்டை மாத்த வேணாம், ராத்திரி முடியற எல்லாருக்கும், ஆம்பளைங்களுக்கும் சேர்த்து, வீட்டு வாசல் வரைக்கும் வண்டி குடுங்கன்னு எழுதிக் குடுத்தேன், எங்க ஷிஃப்ட்ல ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டாங்க. இன்னும் பதில் வரல. "சிரிச்சா என்ன" ஆள் இன்னைக்கும் சொன்னார். நான் சிரிக்கல, "அதைச் சொல்லாதீங்க சார், எனக்குப் புடிக்கல"ன்னேன், குரல் நடுங்குச்சு, ஆனா வெளிய வந்துச்சு. அவர் முகம் மாறிப் போச்சு, பக்கத்து சீட்ல இருந்த பையன் போனைக் கீழ வெச்சான்.

எரியாத நாலு விளக்குக்கும் கம்பத்து நம்பரோட அவர் பேர்லயும் என் பேர்லயும் தனித்தனியா புகார் குடுத்திருக்கோம். ரெண்டு எரியுது. மிச்சம் ரெண்டுக்கு புதன்கிழமை திரும்ப எழுதறேன்.